தலையில் வைக்காத பூ

ஆடி 2

இந்த டைரி உரக்கடைக்காரர் வருஷா வருஷம் இவருக்குக் கொடுப்பது. இவர் அதில் ஒரு எழுத்து எழுதியதில்லை. ஈ அடிக்கத்தான் வைத்திருந்தார். அட்டையில் இன்னும் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனி மாதம் ஆள் போய்விட்டார், பாதி வருஷம் வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. காகிதம் வீணாகிறதே என்றுதான் எழுதுகிறேன். மனசு சரியில்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் படித்தது ஐந்தாவது. எழுத்து கோணலாக வரும். அது ஐந்தாவதிலேயே அப்படித்தான்.

இன்று சொசைட்டிக்குப் பால் ஊற்றினேன். மாட்டுச்சாலை கூட்டினேன். களி கிண்டினேன். ஒரு ஆளுக்குக் களி கிண்டுவது மாதிரி கஷ்டம் வேறு இல்லை. மாவை எவ்வளவு குறைத்தாலும் இரண்டு உருண்டை வந்துவிடுகிறது. மிச்சத்தை நாய்க்குப் போடுகிறேன். நாய் பெருத்துக்கொண்டே போகிறது.

ஆடி 5

கொழுந்தன் நாச்சிமுத்து வந்தார். இவருக்கு ஒரே தம்பி. என்னை அண்ணி என்று கூப்பிடமாட்டார், நங்கை என்பார். காலில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிற மாதிரி வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். சொல்ல வந்தது வேறு என்று தெரிந்துவிட்டது. விஷயம் இதுதான். ஒண்டிப் பொம்பளை தக்காளித் தோட்டம் பார்க்க முடியாதாம். தோட்டம் முழுக்கத் தென்னங்கன்று வைத்துவிட்டால் சொட்டுநீர் தானாகப் பாயுமாம், அவரே பார்த்துக்கொள்வாராம். நான் திருப்பூரில் மகள் தாரணியோடு போய் நிம்மதியாக இருக்கலாமாம். மகளிடமும் பேசிவிட்டார்.

கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் இரண்டு கேட்டு அனுப்பியிருப்பேன்.

தை வரைக்கும் விடுங்க தம்பி, இந்த ஒரு தக்காளி நானே பண்ணிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லையென்றால் தென்னை வையுங்கள் என்றேன். சரி என்றார். தையில் வந்து பார்ப்பாராம்.

எனக்கு இந்தத் தோட்டத்தின் மேல் பெரிய ஆசையெல்லாம் இல்லை. திருப்பூர்த் தண்ணி உப்பு. அவ்வளவுதான்.

ஆடி 9

தோட்டத்து வரப்பில் என்னமோ முளைத்திருக்கிறது. களை என்று நினைத்துக் கிள்ளி மோந்தேன். செண்டுமல்லி. யாரும் விதைக்கவில்லை. வரப்பு நெடுகக் கோடு போட்ட மாதிரி முளைத்திருக்கிறது.

களையெடுக்க வந்த ருக்மணிதான் சொன்னாள். "பொணத்து மேல இருந்து பிச்சுப் போட்டுக்கிட்டே போனாங்கல்லக்கா, அந்தப் பூவு. எழவுப் பூ. புடுங்கிப் போட்டுருங்க."

பாடையை இந்த வழியாகவா தூக்கிப் போனார்கள்? தார் ரோட்டில் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பொம்பளைகள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிடுங்கிவிடுகிறேன் என்று ருக்மணியிடம் சொன்னேன். இடுப்பு வலி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடி 10

மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பிடுங்கவில்லை.

ஆடி 18

பெருக்கு. தக்காளி நட்டோம், நானும் ருக்மணியும் இன்னும் நாலு பொம்பளைகளும். நாற்று நல்ல பச்சை. வரப்பில் இருப்பதைப் பிடுங்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதையும் பிடுங்கக் கூடாது.

ஆவணி 4

மழை. பிடுங்கவில்லை.

ஆவணி 21

பூத்துவிட்டது. இனிமேல் பிடுங்குவது பாவம், விட்டுவிட்டேன்.

தாரணி போனில் அழுதாள். அம்மா நீ தனியாக என்ன பண்ணுகிறாய் என்று. ஆட்டை விரட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன், அது நிஜம். பக்கத்துத் தோட்டத்து ஆடு வரப்புக்கு வந்து செண்டுமல்லியை மோந்து பார்த்தது. சம்பந்தம் பேச வந்த வீட்டில் காபி நன்றாக இல்லாத மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. கண்டதையும் தின்கிற ஆடு அது. போன மாதம் ருக்மணியின் ரேஷன் பையைத் தின்றது.

ருக்மணிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இந்த நேரத்தில் உங்களுக்குப் பூ எதுக்குக்கா என்று ஜாடையாகக் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பூ சாமிக்குப் போடுவார்கள், லாரிக்குப் போடுவார்கள், கட்சிக்காரர்களுக்குப் போடுவார்கள், பிணத்துக்குப் போடுவார்கள். எந்தப் பொம்பளையாவது இதைத் தலையில் வைத்துப் பார்த்திருக்கிறோமா? மல்லி எனக்கு இல்லை, கனகாம்பரம் எனக்கு இல்லை, சரி. இது தாலி இருக்கிறவளுக்கே கிடையாதே. அவளும் நானும் இந்தப் பூ விஷயத்தில் ஒன்றுதான். இதைச் சொன்னதும் ருக்மணி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வரப்பு நெடுக ஒற்றைக் கோடாக இருக்கிற செண்டுமல்லி, மோட்டார் ரூம் பக்கத்தில் மட்டும் பாய் விரித்த மாதிரி அடர்த்தியாக நிற்கிறது. ஏன் அங்கே மட்டும்?

புரட்டாசி 6

தக்காளி சுணங்குகிறது. நடுத் தோட்டத்தில் செடியெல்லாம் வெயில் ஏறினால் தலை தொங்கிவிடுகிறது. தண்ணி விட்டால் நிமிர்கிறது, மறுநாள் மறுபடி தொங்கல். இலை மஞ்சள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் முண்டு முண்டாக, உருத்திராட்சம் கோத்த மாதிரி. தக்காளிக்கு சந்நியாசம் வந்துவிட்டது போல.

கொழுந்தன் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் தலையாட்டுகிறவரை எனக்குப் பிடிக்காது.

புரட்டாசி 8

எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. வரப்பை ஒட்டிய ஒரு வரிசை மட்டும் தளதளவென்று நிற்கிறது. அதில் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் சுத்தம், ஒரு முண்டுகூட இல்லை. என்ன காரணம்? பக்கத்தில் செண்டுமல்லி. ஆட்டையே விரட்டிய வாசம், பூச்சியை விரட்டாதா?

நடுத் தோட்டத்துக்கும் அந்த வாசத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எப்படி என்றும் யோசித்துவிட்டேன். நமக்கும் மூளை இருக்கிறது.

புரட்டாசி 17

நேற்று ஆயுத பூஜை. இன்று காலையில் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அரிசி மில், லாரி செட், ஒர்க்ஷாப், ரைஸ் மண்டி எல்லாவற்றிலும் நேற்றுப் போட்ட செண்டுமல்லி மாலை. எடுத்துக்கொள்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள். ஜேசிபி வண்டிக்காரர் அவரே ஏறிக் கழற்றிக் கொடுத்தார். ஆளுயர மாலை. கொண்டுவந்து தக்காளிக் குச்சிக்கெல்லாம் கட்டினேன். ருக்மணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டே கட்டினாள்.

சாயங்காலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. டவுன் பஸ்கூட நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கண்டக்டர் இறங்கி, தக்காளி எந்த வார்டுல நிக்குதுங்க அம்மா, எங்க ஓட்டு அதுக்குத்தான் என்றார். இன்னொருத்தர், அத்தனை பேருக்கும் மாலை போட்டீங்களே, ஜெயிச்சது எதுங்க என்று கேட்டார். எல்லாம் போன் வைத்துப் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும். தக்காளி காய்த்த பிறகு வந்து படம் எடுக்கட்டும்.

இவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பந்தல் போடட்டுமா என்று கேட்டிருப்பார்.

புரட்டாசி 24

மாலையெல்லாம் அழுகி நாறுகிறது. வாசம் போய் வீச்சம் வந்துவிட்டது. தக்காளி அதே தொங்கல். மாலை போட்டதும் செடி தொங்குவதைப் பார்த்தால் தோட்டம் முழுக்கத் துக்க வீடு மாதிரி இருக்கிறது. பஸ்காரர்கள் இப்போது நிற்பதில்லை.

புரட்டாசி 27

படம் எங்கெங்கேயோ சுற்றி வேளாண்மை ஆபீசுக்கே போய்விட்டது. அங்கிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பெயர் ஜெசிந்தா. மாசமாக இருக்கிறாள், ஏழு இருக்கும். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்தவள் மாலையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயந்து போய் உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

பிறகு வேரைப் பார்த்தாள். நூற்புழுவாம். கண்ணுக்குத் தெரியாதாம். மண்ணுக்குள் இருந்து வேருக்குள் புகுந்து அங்கேயே வீடு கட்டிக்கொள்ளுமாம், அந்த முண்டெல்லாம் அதன் வீடுகளாம். வரப்போரத்து வரிசையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். நான் நினைத்தது பாதி சரி என்றாள்.

செண்டுமல்லி வாசம் இலையில் இருக்கிறது, அது பறக்கிற சில பூச்சிக்கு ஆகாது. ஆனால் காய்ப்புழு போடுகிற அந்துப்பூச்சிக்கு இந்தப் பூ என்றால் கொள்ளை ஆசை, தக்காளியை விட்டுவிட்டு இதில் வந்து முட்டை வைக்கும். ஆக ஒருத்தருக்கு வேப்பங்காய், ஒருத்தருக்கு விருந்து. நூற்புழு கதை வேறு. "வாசத்துக்கு ஓடறதுக்கு அதுக்கு மூக்கு எங்கீங்கம்மா இருக்குது? செண்டுமல்லி வேருக்குள்ள ஒரு சரக்கு இருக்குது. தக்காளி வேருன்னு நெனச்சுப் புழு உள்ள பூந்தா அத்தோட சரி. வேரு உசுரோட மண்ணுக்குள்ள இருக்கோணும். நீங்க கட்டுன மாலைல வேரு எங்க?"

அதுதானே. இது எனக்குத் தோன்றவில்லை பார்.

அந்தச் சரக்குக்கு ஒரு பெயர் சொன்னாள். டெர்தைனில். மூன்று தடவை சொல்லச் சொன்னேன், வாயில் நிற்கவில்லை. இவர் பெயர் திருமூர்த்தி. கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டேன். வேருக்குள்ளே திருமூர்த்தி இருக்கிறார், புழு உள்ளே வந்தால் விடமாட்டார்.

கடைசியில் சொன்னதுதான் இடி. இந்தத் தக்காளி இனித் தேறாதாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தோட்டம் முழுக்கச் செண்டுமல்லி விட்டு, மூன்று மாசம் வேர் பிடிக்கவிட்டு, அப்புறம் செடியோடு மடக்கி உழ வேண்டுமாம். அடுத்த தக்காளி அதற்குப் பிறகுதான்.

தையில் கொழுந்தன் தக்காளியைப் பார்க்க வருவார். எதைக் காட்டுவது?

புரட்டாசி 30

மூன்று நாளாக யோசனை. களி அடிப்பிடித்துவிட்டது.

ஐப்பசி 2

தக்காளியைப் பிடுங்கினோம். கொழுந்தன் ஓடி வந்தார். "ஏனுங் நங்கை, வெச்ச பயிரைப் புடுங்கிப்போட்டு எழவுப் பூவையா போடறீங்க?" என்றார். வேருக்குள் இருக்கிற சரக்கைப் பற்றிச் சொன்னேன். திருமூர்த்தி என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நேராக வீட்டுக்குப் போய்த் தாரணிக்குப் போன் போட்டிருக்கிறார்.

தாரணி அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள். அம்மா, பொங்கலுக்கு வருகிறேன், என்னோடு வந்துவிடு, டாக்டரிடம் போகலாம் என்றாள். பல் டாக்டரா என்றேன். வைத்துவிட்டாள்.

ஐப்பசி 5

விதை வாங்கச் சொன்னாள் ஜெசிந்தா. வரப்பில் காய்ந்த பூ அத்தனை இருக்கும்போது வாங்குவது தண்டம். மடியில் கட்டிக்கொண்டு உதிர்த்துக்கொண்டே போனேன். முச்சந்தியில் ஆரம்பித்தேன். புளியமரத்தடியில் இரண்டு செடி. வாய்க்கால் தாண்டி ஒன்று. அப்புறம் நம் வரப்பு. வரப்பு முடிந்து, பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி. அங்கே செடி குறைச்சல். ஒரு செடி விட்டு ஒரு செடி பார்த்துக்கொண்டே போனதில் சுடுகாட்டு கேட்டுக்கு வந்துவிட்டேன்.

பொம்பளை இங்கே வரக் கூடாது என்று பிணத்தோடு வரும்போதுதான் சொன்னார்கள். விதை பொறுக்க வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கேட்டுக்குள்ளே ஒரு செடி இருந்தது. கடைசிச் செடி அதுதான். அதிலும் எடுத்துக்கொண்டேன்.

வெயில் இல்லை. நல்ல வழிதான் இது. உங்களைக் கல்லு முள்ளில் தூக்கிப் போகவில்லை.

ஐப்பசி 8

விதை விட்டாயிற்று. நாற்றுப் பாத்தியில் பூவாளியால் தண்ணி.

கார்த்திகை 3

நாற்றை எடுத்துத் தோட்டம் முழுக்க நட்டு முடித்தோம். ருக்மணி எழவுப் பூ என்பதை விட்டுவிட்டாள். இப்போது மாமா பூ என்கிறாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவில்லை.

கார்த்திகை 20

நேற்று மழையில் மோட்டார் சுவிட்ச் போய்விட்டது. பியூஸ் போட நீங்கள் எனக்குச் சொல்லித்தரவே இல்லை. நானே போட்டேன். ஒரு தடவை சுரீர் என்றது, அவ்வளவுதான்.

மார்கழி 18

புது டைரி வந்துவிட்டது. உரக்கடைக்காரர் எப்போதும் அட்டையில் உங்கள் பெயரை எழுதிக் கொடுப்பார். இந்த வருஷம் சாந்தாமணி, செண்டுமல்லித் தோட்டம் என்று எழுதியிருக்கிறார். இதில் ஈ அடிக்கப் போவதில்லை.

மார்கழி 27

பூத்துக் கொட்டிக் கிடக்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பொங்கலுக்குப் பூ கேட்டு மார்க்கெட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார். பூவைப் பறித்தால் பரவாயில்லை, வேர் இருந்தால் போதும் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை. பஸ் மறுபடி நிற்கிறது. கண்டக்டர், ஜெயிச்சாச்சுங்களா என்றார்.

தாரணி வந்தாள். என்னைக் கூட்டிப்போக ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். தோட்டத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பா இந்தப் பக்கமாகத்தான் போனாரா என்று கேட்டாள். ஆமாம், வா காட்டுகிறேன் என்று முச்சந்தியிலிருந்து கடைசி வரைக்கும் கூட்டிப் போனேன். வரும்போது அவள் புருஷனைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே வந்தாள். நல்லாயிருந்தது.

காலிப் பெட்டியில் பச்சரிசியும் வெல்லமும் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

தை 4

கொழுந்தன் வந்துவிட்டார். டிராக்டர் டிரெய்லரில் தென்னங்கன்றோடு.

தக்காளி எங்கே என்று கேட்கவில்லை. மோட்டார் ரூம் பக்கம் போய் நின்றுகொண்டார். நானும் போனேன். எத்தனை நாளாக மனசில் இருந்ததோ, கேட்டுவிட்டேன். வரப்பெல்லாம் ஒற்றைக் கோடு, இங்கே மட்டும் ஏன் தம்பி இப்படி மொத்தையாக முளைத்தது என்று.

துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"பாடை எறக்கறது எப்பவும் பள்ளத்துக்கு அந்தப் பக்கமுங், நங்கை. நாந்தான் தோள் வலிக்குதுன்னு சொல்லி இங்கயே எறக்க வெச்சேன். தோள் வலியெல்லாம் ஒண்ணுமில்லீங். அண்ணன் ஒருக்காத் தோட்டத்தைப் பாத்துப்போட்டுப் போகட்டுமேன்னு. அப்புறம் தூக்கறதுக்கு மனசு வரலை. கூடையில இருந்த பூவ மொத்தமா இங்கயே கொட்டிப் போட்டேன்."

அதனால்தான் வழியில் பள்ளம் தாண்டியதும் செடி குறைச்சல், அதற்கு மேல் பிணத்து மேல் இருந்ததை மட்டும் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு நான் தோட்டத்துக்குள் இறங்கினேன். செண்டுமல்லிக்கு நடுவில் போன பயிரின் தக்காளி ஒன்று தானாக முளைத்து நிற்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். அதைப் பிடுங்கிவந்து, மோட்டார்த் தண்ணியில் வேரைக் கழுவி, அவர் கையில் கொடுத்தேன். வேர் வெள்ளை வெளேர் என்று, அச்சில் அரிசிச் சந்தகை பிழிந்த மாதிரி இருந்தது. ஒரு முண்டு இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய தக்காளியும் மூன்று வருஷமாக இப்படித்தானாம், வேரெல்லாம் உருத்திராட்சமாம். வெளியில் சொன்னதில்லையாம். தென்னைக்கு மாறலாம் என்று நினைத்ததே அதனால்தானாம். எனக்கு மட்டும் என்று வாங்கவில்லை, தனக்கும் சேர்த்துத்தான் கன்று வாங்கியிருக்கிறார்.

வேரைக் கீழே வைக்காமலே சொன்னார். "நான் போறப்ப என்னையும் என்ற தக்காளித் தோட்டத்து வழியாத் தூக்கிட்டுப் போகச் சொல்லீருங்."

"அது வரைக்கும் என்னத்துக்குங் தம்பி காத்திருக்கறது? விதை தர்றேன், வெள்ளாமைக்குப் போடுங்க."

அப்போதுதான் சிரித்தார். நீங்கள் சிரிக்கிற மாதிரியே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததில்லை.

தென்னங்கன்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். போகும்போது மடி நிறைய விதை.

தை 29

உழுத நாள். டிராக்டர்க்காரப் பையன் பூவோடு உழ மனசில்லாமல் நின்றான். நான்தான் முன்னால் நடந்து ஓட்டச் சொன்னேன். மஞ்சளும் பச்சையும் மண்ணுக்குள் போனது. வாசம் ஊர் வரைக்கும் வந்ததாம். பங்குனியில் தக்காளி நடலாம் என்று ஜெசிந்தா போனில் சொன்னாள், குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது.

வரப்பில் இருக்கிறதையும் மோட்டார் ரூம் பக்கம் இருக்கிறதையும் அடித்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இடுப்பு வலி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

களி கிண்டினேன். இரண்டு உருண்டை வந்தது. நல்ல பசி, இரண்டையும் நானே தின்றுவிட்டேன். நாய் இன்னும் என்னை முறைத்துக்கொண்டே படுத்திருக்கிறது.